பல்லைக் கடித்து ஏறிய மலை – 9: பொன்மலையில் பிறந்த 37396

இதுவரை: 1882-இல் சுவிஸ் பொறியாளர் நிக்லாஸ் ரிக்கன்பாக் நீலகிரிக்கு வந்து, பல் தண்டவாளம் போட்டால் ரயில் மலையேறும் என்றார். 1891-இல் மண் வெட்டினார்கள். 1894-இல் கம்பெனி திவால். இன்னொரு கம்பெனி அதை வாங்கி, 1899 ஜூன் 15 அன்று மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு வண்டியை ஏற்றியது. 1908-இல் அது ஊட்டியைத் தொட்டது. 1914-இலிருந்து சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத்தில் செய்த 'எக்ஸ்' வகை எஞ்சின்கள் கப்பலேறி வந்தன. முதலில் பன்னிரண்டு, 1952-இல் இன்னும் ஐந்து. ஆக மொத்தம் பதினேழு. பதினேழும் கிழமானபின் வண்டியைத் தள்ளப்போவது யார் என்று கேட்டுவிட்டுப் போன வாரம் நிறுத்தினேன்.

* * *

ஓர் எண்ணிலிருந்து தொடங்கலாம்.

வின்டர்தூரிலிருந்து வந்த கடைசி எஞ்சினின் எண் 37395. அறுபது ஆண்டுகள் கழித்து, 2011-இல், அதே உருவத்தில், அதே நீல நிறத்தில் ஒரு புது எஞ்சின் மேட்டுப்பாளையத்துக்கு வந்தது. அதன் எண் 37396.

புதுத் தொடர் எண் கொடுத்திருக்கலாம். 'மாதிரி 1' என்று எழுதியிருக்கலாம். அருங்காட்சியகத்துக்குப் பொம்மை செய்கிறவன் அப்படித்தான் செய்வான். இவர்கள் விட்ட இடத்திலிருந்து எண்ணினார்கள். நடுவில் அறுபது ஆண்டு இடைவெளி விழுந்ததையே அந்த எண் காட்டிக்கொள்ளவில்லை. பெரிய குடும்பங்களில் அக்காளுக்கும் கடைக்குட்டிக்கும் இருபது வயது வித்தியாசம் இருக்கும். பள்ளிக்கூடப் பதிவேட்டில் இரண்டு பேரும் உடன்பிறப்புதான். அதுபோல.

ஆனால் இந்தக் கடைக்குட்டி பிறந்தது வின்டர்தூரில் அல்ல. திருச்சிராப்பள்ளியில், பொன்மலையில்.

* * *

கேமரன் மலை ரிங்லெட்டில் உட்கார்ந்துகொண்டு ஊட்டி ரயிலைப் பற்றி எழுதுகிறாயே, இங்கே தண்டவாளத்தையாவது பார்த்திருக்கிறாயா என்று பாசாரில் ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. கேமரன் மலைக்கு ரயில் ஏறியதே இல்லை. தாப்பா ரோடு ஸ்டேசனோடு தண்டவாளம் வேறு பக்கம் போய்விடும். அங்கிருந்து மேலே எல்லாம் சாலைதான். இலைக்கும் லோரி, ஆளுக்கும் லோரி.

அவருக்கு நான் சொன்ன பதில் ஓர் ஊர்ப் பெயர்: நாகப்பட்டினம்.

நம் பாட்டன் பாட்டிகளில் பலர் பினாங்குக்குக் கப்பல் ஏறிய துறைமுகம் அது. அதே ஊரில்தான் தென்னிந்திய ரயில்வேயின் எஞ்சின் பணிமனையும் இருந்தது. கப்பலுக்குக் காத்திருந்தவர்களின் காதில் அலைச் சத்தத்தோடு சம்மட்டிச் சத்தமும் விழுந்திருக்கும். 1920-களின் கடைசியில் அந்தப் பணிமனையை நாகப்பட்டினத்திலிருந்து பெயர்த்துத் திருச்சிக்குப் பக்கத்தில் பொன்மலைக்குக் கொண்டுபோனார்கள். 1928-இல் அங்கே வேலை தொடங்கியது.

அதற்கு அடுத்த ஆண்டு, 1929-இல், ஜே. ஏ. ரசல் ரிங்லெட்டுக்கு மேலே காட்டை வெட்டி 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார்.

ஒரே கரையிலிருந்து புறப்பட்ட இரண்டு கூட்டம். ஒன்று கடல் தாண்டி மலையேறித் தேயிலை கிள்ளியது. இன்னொன்று இரும்போடு திருச்சிக்குப் போய் எஞ்சின் பழுது பார்த்தது. எனக்கு அந்த இரண்டாவது கூட்டத்தின் கதை எப்போதுமே சித்தப்பா வீட்டுக் கதை மாதிரி. தாத்தா வேறு வரிசையில் நின்றிருந்தால் நான் பொன்மலை ரயில்வே காலனியில் பிறந்திருப்பேன்.

நம் செந்தூலிலும் அப்படி ஒரு பணிமனை இருந்தது. அதைச் சுற்றித் தமிழர் குடியிருப்பும் கோயிலும் வளர்ந்தன. செந்தூல்காரர்களுக்குப் பொன்மலையைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. காலைச் சங்கு, எண்ணெய்க் கறை படிந்த சட்டை, சங்கக் கொடி, வேலைநிறுத்தம் எல்லாம் இரண்டு ஊருக்கும் பொது. 1946 செப்டம்பர் 5 அன்று பொன்மலையில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. அந்த நாளை அங்கே இன்னும் அனுசரிக்கிறார்கள். எஞ்சினின் கதையில் இதைச் சொல்வானேன் என்றால், அந்த எஞ்சினைச் செய்த கைகள் எந்த மரபில் வந்தவை என்பது தெரியவேண்டும் என்பதற்காக.

* * *

இனி, ஏன் புது எஞ்சின் என்ற கேள்வி.

2000-ஆம் ஆண்டை நெருங்கும்போது பழைய எஞ்சின்களில் மூத்தவற்றுக்கு எண்பத்தைந்து வயது. இளையவற்றுக்கே ஐம்பது. நீராவி எஞ்சினில் வயதை முதலில் காட்டுவது கொதிகலன். நாள்தோறும் சூடாகி விரிந்து, இரவில் ஆறிச் சுருங்கி, மறுநாள் மறுபடி விரியும் தகடு எத்தனை வருடம் தாங்கும்? ஒரு இடத்தில் ஒட்டுப் போட்டால் பக்கத்து இடம் இளகும். தோட்டத்து லயத்தில் ஒழுகும் தகரக் கூரைக்கு ஓட்டை அடைத்தவர்களுக்கு இந்த வேதனை தெரியும்.

அடுத்தது கரி. நல்ல நிலக்கரி கிடைப்பது குறைந்தது. சாம்பல் மிகுந்த கரியைப் போட்டு, கல்லாறிலிருந்து குன்னூர் வரை ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் செங்குத்தில் நீராவியை இறங்கவிடாமல் வைத்திருப்பது பயர்மேனின் முதுகெலும்பைக் கேட்கும் வேலை. அழுத்தம் விழுந்தால் வண்டி நடுக்காட்டில் நிற்கும். மறுபடி நீராவி கூடும்வரை பயணிகள் குரங்கோடு பேசிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மூன்றாவது பொறி. புகைபோக்கியிலிருந்து கரி எஞ்சின் உமிழும் நெருப்புத் துணுக்கு கோடையில் காய்ந்த புல்லில் விழுந்தால் காட்டுத் தீ.

இந்த மூன்றும் சேர்ந்தால் வேறெந்தப் பாதையிலும் முடிவு சுலபம்: டீசலைப் போடு, கரி எஞ்சினைப் பூங்காவில் நிறுத்து. குன்னூரிலிருந்து ஊட்டிக்கு அப்படித்தான் நடந்தது. அந்தப் பகுதியில் பல் தண்டவாளம் இல்லை. சாதாரண மீட்டர் பாதை டீசல் எஞ்சினே இழுத்துப்போகிறது.

ஆனால் கல்லாறு முதல் குன்னூர் வரை பன்னிரண்டு அடி நகர்ந்தால் ஓர் அடி ஏறவேண்டும். அங்கே வழுவழுப்பான சக்கரம் வழுக்கும். பல் வேண்டும். பல் வைத்த டீசல் எஞ்சின் கடையில் போய் எடுத்துவரும் பொருள் அல்ல.

2005 ஜூலையில் இன்னொரு முடிச்சு விழுந்தது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் கூடிய யுனெஸ்கோ குழு, 1999-இலேயே பட்டியலில் சேர்ந்திருந்த டார்ஜிலிங் ரயிலோடு நீலகிரி மலை ரயிலையும் உலகப் பாரம்பரியச் சின்னமாகச் சேர்த்தது. எல்லோரும் கொண்டாடினார்கள். கொண்டாட்டம் முடிந்ததும் பணிமனைக்காரர்களுக்கு மட்டும் ஒன்று உறைத்திருக்க வேண்டும். பட்டம் கிடைத்தது நீராவிக்கு. நீராவி தரும் எஞ்சின்களோ ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டிருந்தன.

ஒட்டுப் போட்டு ஓட்டுவதா, புதிதாகச் செய்வதா?

* * *

வின்டர்தூரிலேயே கேட்டிருக்கலாமே என்று தோன்றும். எஸ்.எல்.எம். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அந்தச் சுவிஸ் லோகோமோட்டிவ் கம்பெனி 1871-இல் சார்லஸ் பிரவுன் தொடங்கியது. நீராவியை உலகமே கைவிட்ட பிறகு, 1992-இல், யாரும் எதிர்பாராமல் அது மூன்று புதிய பல்சக்கர நீராவி எஞ்சின்களைச் செய்தது. ஒன்று பிரியன்ஸ் ரோட்ஹார்ன் மலைக்கு, ஒன்று மோன்த்ரோ பக்கத்து ரோஷே தெ நாய் மலைக்கு, ஒன்று ஆஸ்திரியாவின் ஷாஃப்பெர்க் மலைக்கு. மூன்றும் கரி தின்னவில்லை, எண்ணெய் குடித்தன. ஒரே ஆள் ஓட்டலாம்.

அதைத் தொடர்ந்து நம் கதைக்கும் ஒரு கதவு திறந்திருக்கும். ஆனால் 1990-களின் கடைசியில் அந்தக் கம்பெனியே பிரித்து விற்கப்பட்டது. பழைய வீடு பழைய வீடாக இல்லை.

உலகம் முழுக்கவே இந்த இக்கட்டு உண்டு. இங்கிலாந்தில் 'டொர்னேடோ' என்ற பெரிய எஞ்சினைப் புதிதாகச் செய்யவேண்டும் என்று 1990-இல் ரயில் பித்தர்கள் ஒன்று கூடினார்கள். 2008-இல்தான் அது ஓடியது. நீராவி எஞ்சினை உலகுக்குக் கொடுத்த நாட்டில் அதற்குக் கொதிகலன் செய்ய ஆள் அகப்படவில்லை. ஜெர்மனியின் மைனிங்கன் பணிமனைக்குப் போய்ச் செய்துவந்தார்கள்.

நமக்குப் பக்கத்திலும் ஒரு கதை உண்டு. வியட்நாமின் தா லாட், நம் கேமரன் மலை மாதிரிப் பிரெஞ்சுக்காரர்கள் குளிருக்கு ஒதுங்கிய மலையூர். அதற்கும் பல் தண்டவாளம், அதற்கும் வின்டர்தூர் எஞ்சின். போரில் பாதை அழிந்தது. எஞ்சின்கள் துருப்பிடித்துக் கிடந்தன. 1990-இல் சுவிட்சர்லாந்திலிருந்து ஆர்வலர்கள் வந்து, கிடைத்ததையெல்லாம் பொறுக்கிக் கப்பலில் ஏற்றித் தங்கள் ஃபுர்கா மலைக்கே கொண்டுபோனார்கள். பழையது கிடைத்தால் பழையதையே உயிர்ப்பிப்பது அவர்கள் வழி. சபாவில் தஞ்சோங் ஆருவிலிருந்து பாப்பாருக்குப் போகும் சுற்றுலா வண்டியும் அந்த வழிதான்: 1954-இல் இங்கிலாந்தின் வல்கன் பவுண்டரி செய்த அசல் எஞ்சின், விறகு தின்று ஓடுவது.

பொன்மலை அந்த வழியில் போகவில்லை. மாதிரிக்குப் பழையது கையில் இருந்தது, நோக்கம் புதியது. ஏன் துணிந்தார்கள் என்றால், பல ஆண்டுகளாக இந்தப் பதினேழு எஞ்சின்களையும் பிரித்து மேய்ந்து பழுது பார்த்தது அவர்கள்தான். ஒவ்வொரு தேய்ந்த பாகத்துக்கும் மாற்றுப் பாகம் கடைந்து கடைந்து, தெரியாமலேயே அவர்கள் ஒரு முழு எஞ்சினைச் சில்லறையாகச் செய்து முடித்திருந்தார்கள் என்றுகூடச் சொல்லலாம். சில்லறையை நோட்டாக மாற்றுவதுதான் பாக்கி.

* * *

அந்த மாற்றம் எவ்வளவு கடினம் என்று புரிய, இந்த எஞ்சினின் வயிற்றுக்குள் கொஞ்சம் போகவேண்டும். பொறுமையில்லாத வாசகர்கள் அடுத்த நட்சத்திரக் குறிக்குத் தாவலாம். ஆனால் தொடரிலேயே எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

சாதாரண நீராவி எஞ்சினுக்கு இரண்டு சிலிண்டர். எக்ஸ் எஞ்சினுக்கு நான்கு. பக்கத்துக்கு இரண்டு, ஒன்றின்மேல் ஒன்றாக. கீழ்ச் சிலிண்டர் சாதாரணச் சக்கரங்களை உருட்டுகிறது. மேல் சிலிண்டர், தண்டவாளத்துக்கு நடுவே கிடக்கும் பல் சட்டத்தைப் பற்றிக்கொள்ளும் பற்சக்கரங்களை உருட்டுகிறது.

சமவெளியில், மேட்டுப்பாளையம் முதல் கல்லாறு வரை, கீழ்ச் சிலிண்டர் மட்டும் வேலை செய்யும். கல்லாறு தாண்டியதும் வித்தை தொடங்குகிறது. கீழ்ச் சிலிண்டரில் ஒருமுறை உழைத்த நீராவியை ஆகாயத்தில் விடாமல் மேல் சிலிண்டருக்கு அனுப்புகிறார்கள். அங்கே அது இரண்டாம் முறை உழைக்கிறது. ஒரே தேயிலையில் இரண்டாம் முறை தேத்தண்ணி போடுவதுதான்; ஆனால் இங்கே இரண்டாம் தண்ணிதான் மலை ஏற்றுகிறது.

அதில் ஒரு சிக்கல் உண்டு. ஒருமுறை உழைத்த நீராவி விரிந்துபோயிருக்கும். அதற்கு அதிக இடம் வேண்டும். மற்ற நாட்டு எஞ்சின்களில் இரண்டாவது சிலிண்டரைப் பெரிதாகச் செய்வார்கள். மீட்டர் பாதையில் ஒரு மீட்டர் அகலத் தண்டவாளத்தின்மேல் நிற்கும் எஞ்சினில் பெரிய சிலிண்டருக்கு இடம் எங்கே? வின்டர்தூர்க்காரர்கள் யோசித்தார்கள். பாத்திரத்தைப் பெரிதாக்க முடியாவிட்டால், சின்னப் பாத்திரத்தால் இரண்டு மடங்கு வேகமாக மொள்ளு!

மேல் சிலிண்டருக்கும் பற்சக்கரத்துக்கும் நடுவே பல்லிணை வைத்து, மேலே உள்ள தண்டு கீழே உள்ளதைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் அடிக்கும்படி செய்தார்கள். பல்லிணை நடுவில் வந்ததால் திசையும் புரண்டுபோனது. ஆகவே பக்கத்தில் நின்று பார்த்தால், கீழ்த் தண்டு நிதானமாக முன்னே சுழல, மேல்தண்டு அவசர அவசரமாகப் பின்னே சுழலும். முதல்முறை குன்னூர் நடைமேடையில் அதைப் பார்த்தபோது, ஏதோ உடைந்துவிட்டது என்றே நினைத்தேன்.

பல் சட்டமும் ஒன்றல்ல, இரண்டு. ஆப்ட் என்ற சுவிஸ்காரரின் முறை. இரண்டு சட்டங்களும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தாலும், ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதன் பள்ளம் வரும். அதனால் எஞ்சினின் ஏதாவது ஒரு பல் எப்போதும் கவ்விக்கொண்டே இருக்கும். இருட்டில் ஏணி ஏறுகிறவன் ஒரு கையை விடும்போது மறுகை பிடித்திருப்பது போல.

ஏறத்தாழ ஐம்பது டன் எடையுள்ள இந்தச் சிக்கலைத்தான் மறுபடி செய்யவேண்டும்.

* * *

தேய்ந்த பாகத்தை அளந்து புதுப் பாகம் செய்தால் தேய்மானத்தையும் சேர்த்தே நகல் எடுப்போம். பழைய எஞ்சினை மாதிரியாக வைத்துக்கொள்ளும் எந்தப் பணிமனைக்கும் இது முதல் பாடம். நூறு வருடம் ஓடிய ஒரு பற்சக்கரத்தின் பல், பிறந்த அன்று இருந்த பருமனில் இருக்காது. தாங்கியின் துளை வட்டமாக இருக்காது. ஒட்டுப் போட்ட சட்டம் நேராக இருக்காது. எனவே அளவுகோல் காட்டுவதை அப்படியே நம்பக்கூடாது. அந்தப் பாகம் ஆரம்பத்தில் என்னவாக இருக்க வேண்டுமென்று அதன் வேலையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடவேண்டும்.

நல்லவேளையாக ஒரு தொல்லை இல்லை. பிரிட்டிஷ் எஞ்சின்களெல்லாம் அங்குலத்தில் பிறந்தவை. இது சுவிஸ் பிள்ளை; பிறந்த நாளிலிருந்தே மில்லிமீட்டர். இந்தியாவே பின்னால் மெட்ரிக் அளவைக்கு மாறியபோது, இந்த எஞ்சின்கள்தான் முன்கூட்டியே வந்து காத்திருந்தன.

சிலிண்டர் போன்ற பாகங்கள் வார்ப்பில் வரவேண்டும். வார்ப்புக்கு முன்னால் மரத்தில் உருவம் செய்யவேண்டும். காய்ச்சிய இரும்பு ஆறும்போது சுருங்கும். அதனால் மர உருவத்தை அந்தச் சுருக்கத்துக்குத் தக்கபடி சற்றுப் பெரிதாகச் செதுக்கவேண்டும். உள்ளே நீராவி போகும் வளைந்த குகைகளுக்கு மணலில் தனி அச்சு. ஓரிடத்தில் காற்றுக் குமிழி புகுந்தால் மொத்த வார்ப்பும் பழைய இரும்புக் குவியலுக்குப் போகும். இதையெல்லாம் செய்யத் தெரிந்தவர்கள், நீராவிக் காலத்தோடு ஓய்வுபெற்றுக்கொண்டிருந்தார்கள். 1990-களில் இந்திய ரயில்வே பெரும்பாலும் நீராவியை நிறுத்திவிட்டது. இன்னும் பத்து ஆண்டுகள் தள்ளிப்போட்டிருந்தால், கேட்டுச் சரிபார்க்க ஆள் இருந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

மற்றப் பாதைகளில் பிழை நடந்தால் எஞ்சின் நிற்கும். இங்கே பிழை நடந்தால் எஞ்சின் நிற்காது, கீழே போகும்.

* * *

புது எஞ்சின் எல்லாவற்றிலும் அசல் போலவே இருந்ததா? இல்லை. ஒன்றை மாற்றினார்கள். மாற்றியது அடுப்பை.

2002 வாக்கில் பழைய 37395-ஐ எண்ணெய்க்கு மாற்றிச் சோதித்துப் பார்த்திருந்தார்கள். அந்த அனுபவத்தை வைத்து 37396-ஐப் பிறக்கும்போதே எண்ணெய் குடிக்கும் பிள்ளையாகச் செய்தார்கள். சுவிஸ்காரர்கள் 1992-இல் போன அதே பாதை.

எண்ணெய் அடுப்பென்றால் சமையலறை ஸ்டவ்வை நினைக்கவேண்டாம். கெட்டி எண்ணெயைச் சும்மா கொளுத்தினால் புகைதான் வரும். நீராவியைப் பீய்ச்சி எண்ணெயைப் பொடிப்பொடித் துளிகளாகச் சிதறடித்தால்தான் சுடர் விட்டு எரியும். ஆனால் நீராவி வர நெருப்பு வேண்டும். நெருப்பு எரிய நீராவி வேண்டும். கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும் என்ற பழமொழிக் கணக்கு! அதனால் குளிர்ந்து கிடக்கும் எண்ணெய் எஞ்சினை எழுப்ப எப்போதும் வெளியிலிருந்து ஒரு கை கொடுக்கவேண்டும். அழுத்தக் காற்றோ, வேறு ஏதாவதோ.

சுடரும் வேறு மாதிரி. கரி நெருப்பு படுக்கையாகப் பரவி எரியும். எண்ணெய்ச் சுடர் ஈட்டி மாதிரி ஓரிடத்தில் குத்தும். தகட்டைக் காப்பாற்ற உள்ளே தீச்செங்கல் பதிக்கவேண்டும். குழாய்களில் படியும் கரும்புகையைத் தேய்க்க ஓடும்போதே கொஞ்சம் மணலை உள்ளே வீசுவது எண்ணெய் எஞ்சின்களின் பழைய வைத்தியம். அப்போது புகைபோக்கி ஒருமுறை கன்னங்கரேல் என்று தும்மும்.

பயர்மேனின் முதுகு நிமிர்ந்தது. மண்வெட்டி போய்க் குழாய்த் திருகி வந்தது. பொறி பறக்கவில்லை. காட்டுக்காரர்களுக்கு நிம்மதி.

வாசனை மட்டும் மாறிவிட்டது. கரிப் புகையோடு வளர்ந்த மேட்டுப்பாளையத்துக்காரர்களுக்கு அந்த மாற்றம் மூக்கில் தெரிந்திருக்கும்.

* * *

கல்லாறு.

பாக்குத் தோப்புகள் முடிந்து மலை தொடங்கும் இடம். ஒவ்வொரு எஞ்சினுக்கும் இங்கேதான் பரீட்சை. பணிமனையில் எத்தனை சோதனை நடந்தாலும், பற்சக்கரம் பல் சட்டத்தில் முதன்முதலாக விழும் கணத்தைப் பணிமனையில் ஒத்திகை பார்க்க முடியாது.

வண்டி நடைவேகத்துக்கு இறங்குகிறது. எஞ்சின் பின்னால், கீழ்ப்பக்கம், பெட்டிகள் முன்னால். மலையில் எஞ்சின் இழுப்பதில்லை, தள்ளுகிறது. இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் எஞ்சின்மேல்தான் சாயவேண்டும் என்ற முன்யோசனை. அதனால் டிரைவருக்கு முன்னால் பாதை தெரியாது. முதல் பெட்டியின் முகப்பில் பிரேக்ஸ்மேன் நின்று, யானையோ பாறையோ கிடக்கிறதா என்று பார்த்துக் கொடி காட்டுவார். ஒவ்வொரு பெட்டிக்கும் அப்படி ஒரு பிரேக்ஸ்மேன்.

பல் சட்டம் தொடங்கும் முனையை வில்லின்மேல் வைத்திருக்கிறார்கள். எஞ்சினின் பல் நேரே பள்ளத்தில் விழாமல் பல்லின்மேல் பல்லாக ஏறிவிட்டால், முனை அமுங்கிக்கொடுத்து, அடுத்த பள்ளத்தில் அதை இறக்கிவிடும். டிரைவர் அதற்குமுன்பே மேல் சிலிண்டருக்குக் கொஞ்சம் நீராவி விட்டுப் பற்சக்கரத்தைச் சுழலவைக்கிறார். ஓடும் பஸ்ஸில் தொற்றுகிறவன் கூடவே நாலடி ஓடுவானே, அதேதான்.

சரியாக விழுந்தால் ஒரு மெல்லிய அதிர்வு. அவ்வளவுதான். பயணிகளில் பாதிப்பேருக்கு அது தெரியாது.

பிறகு எஞ்சினின் பேச்சு மாறுகிறது. சமவெளியில் 'சக் சக்' என்று பேசியது, இப்போது இரண்டு தாளத்தில் முனகுகிறது. மணிக்குப் பதின்மூன்று கிலோமீட்டருக்கு மேல் கூடாது. ஹில்குரோவில் நின்று தண்ணீர் குடித்து, மறுபடி ஏறி, குகைக்குள் புகுந்து வெளிவந்து, குன்னூர். மேட்டுப்பாளையத்தில் 326 மீட்டர் உயரத்தில் புறப்பட்டது, 1,700 மீட்டருக்கு மேலே மூச்சு வாங்குகிறது.

இறங்கும்போது இன்னும் சுவாரசியம். ஏற்றிய சிலிண்டர்களே இறக்கும்போது தடையாகின்றன. காற்றை உள்ளிழுத்து அமுக்கி, அந்த எதிர்ப்பிலேயே எஞ்சின் தன்னைப் பிடித்துக்கொள்கிறது. அமுக்கும் காற்று சூடாகும். ஆறவைக்கத் தண்ணீர் விடுவார்கள். ரிக்கன்பாக் கண்டுபிடித்த உபாயம் இது. 1882-இல் இந்த மலையடியில் நின்று அண்ணாந்து பார்த்தாரே, அதே ரிக்கன்பாக்.

37396 ஏறியது. இறங்கியது.

அதன் பின்னால் 37397, 37398, 37399 என்று 2014-க்குள் மொத்தம் நான்கு எஞ்சின்கள் பொன்மலையிலிருந்து வந்தன. நான்கும் எண்ணெய் எஞ்சின்கள்.

* * *

நகல் என்ற சொல்லை இவற்றுக்குப் பொருத்தலாமா என்று எனக்கு இன்னும் தீரவில்லை. கோயிலில் மூலவர் சிலை பின்னமானால் அதே அளவில் புதிது செய்து குடமுழுக்குச் செய்கிறோம். புதியதை யாரும் நகல் என்று கும்பிடுவதில்லை. அந்தக் கணக்கில் 37396 அசலே. இன்னொரு பக்கம், ஒரு சுவிஸ் ரசிகர் வந்து எண்ணெய்த் தொட்டியைப் பார்த்துவிட்டு, இது எங்கள் எக்ஸ் இல்லை என்று சொன்னால், அவர் வாயை அடைக்கவும் முடியாது. நான் பொன்மலைப் பக்கம். கட்சி எடுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், அதை ஒளிப்பானேன்.

எண்ணெயால் பொறி அடங்கியது, முதுகு நிமிர்ந்தது, வண்டி நேரத்துக்குப் போனது. மூன்று நோய்க்கும் மருந்து கிடைத்துவிட்டது. கதை இங்கேயே முடிந்திருக்கவேண்டும்.

ஆனால் 2021-இல் பொன்மலைப் பணிமனையின் வாசலில் இன்னொரு புது எக்ஸ் எஞ்சின் வந்து நின்றது. அதன் முதுகில் எண்ணெய்த் தொட்டி இல்லை. இருந்தது கரி.

பத்து ஆண்டுக்குமுன் எந்தக் கரியை விட்டு ஓடிவந்தார்களோ, அதே கரியிடம், அதுவும் புத்தம்புது எஞ்சினோடு, பொன்மலை ஏன் திரும்பிப்போனது?

(அடுத்த வாரம்)